அந்த வரியை விட்டுட்டுப் படிங்க

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அத்தானும் சௌக்கியம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நேற்று உன் வீட்டுக்காரியே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

உனக்குச் சுகர் வந்திருக்கிறதாம். அதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அவள் அழுதுகொண்டே, "அண்ணி, கேக் கடை வெச்சிருக்கிறவருக்கே சுகர்னா ஊரே சிரிக்காதா?" என்றாள். சிரித்தால் சிரிக்கட்டும். அப்பாவுக்கு இருந்தது. எனக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. அப்பா விட்டுப்போன ஒரே சொத்தையும் அக்காவே வைத்துக்கொண்டாள் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது பார், உன் பங்கு இப்போது வந்து சேர்ந்துவிட்டது.

இத்துடன் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். திரைச்சீலைத் துணியில் தைத்திருப்பதால் பிரிக்கும்போது கத்தரியை உபயோகி, பல்லை அல்ல. உள்ளே இருப்பது சிறுகுறிஞ்சான் பொடி. சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். செடிப் பண்ணை வைத்திருக்கிற ஒருவருக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுத்தேன். அவர் தந்த கொடி இப்போது எங்கள் பின்பக்கச் சுவரையே மூடிவிட்டது. நானே பறித்து, நிழலில் காயவைத்து, இடித்துச் சலித்தேன்.

ஒரு சிட்டிகையை வாயில் போட்டு நன்றாக நாக்கில் புரட்டு. அப்புறம் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள். என்ன ஆகிறது என்று எனக்கு எழுது. போனில் சொல்லாதே. போனில் நீ எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எனக்கும் காது முன்போல இல்லை.

அத்தான் பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் அல்லவா? இப்போது என் தையல் மிஷினுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வளைவுல வேகத்தைக் குறை" என்கிறார். எனக்காக அவருக்கு ஒரு நல்ல வேலையாகப் பார்த்துத் தேடிக் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சுகர் ஒன்றைத் தவிர வேறு குறை இல்லை. உன் கடிதம் வந்த அன்று இவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள்.

நீ சொன்னபடியே செய்தேன். பொடி, கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. சரி போகட்டும் என்று பின்னாலேயே ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டேன். அக்கா, மணல்! சத்தியமாக மணல்! ஆற்றங்கரையில் விழுந்து வாய்க்குள் போனால் எப்படி இருக்குமோ அப்படி. இவளைக் கூப்பிட்டு, "சர்க்கரை டப்பாவுல என்னத்தைக் கொட்டி வெச்சிருக்கே?" என்று சண்டைக்கே போய்விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் நாக்கு வீடு திரும்பியது.

இதில் ஒரு கூத்து நடந்தது. மறுநாள் காலையில் பொடியைப் போட்டுக்கொண்டு நேரே வேலைக்குப் போய்விட்டேன். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பல் டாக்டர், மகளின் பிறந்த நாளுக்குக் கேக் சொல்லியிருந்தார். க்ரீமைத் தொட்டு நாக்கில் வைத்தேன், சப்பென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டேன். அப்போதும் சப்பென்று. இன்னும் கொஞ்சம். இப்படியே போய், சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். "ஏங்க, கேக் நல்லா இருக்கு. ஆனா எனக்கு நீங்க வியாபாரம் பிடிச்சுக் கொடுக்கணும்னு நான் கேக்கவே இல்லையே?" என்றார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நெளிந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே இனிமேல் க்ரீம் வேலை முடிந்த பிறகுதான் பொடி. என் சுகரைப் பார்க்கிற டாக்டரம்மா கொடுத்த மாத்திரையும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று போடுகிறேன்.

புதுக் கடையை நீ இன்னும் வந்து பார்க்கவில்லை. அடுப்பு மேடை என் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது, குனிய வேண்டாம். அத்தானுக்கு என் அன்பு. உன் சுகர் எப்படி இருக்கிறது?

தம்பி


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சௌக்கியம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் எனக்கு விக்கல் எடுத்தது. அத்தான் பல் டாக்டர் கதையை எதிர்வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நீ உன் முகம் தெரியாத இடத்தில் கூடப் பிரபலம் ஆகிவிட்டாய்.

என் சுகரைக் கேட்டாய். நன்றாக இறங்கிவிட்டது. எப்படித் தெரியும் என்றால், உடம்பே சொல்கிறதே! அவ்வளவு லேசாக இருக்கிறது. பழைய ரவிக்கை எல்லாவற்றையும் பிடித்துத் தைத்தேன். எத்தனை வருடமாகக் குறைக்கப் பார்த்தும் குறையாத இடுப்பு தானாகவே குறைந்துவிட்டது. தாகம் மட்டும் கொஞ்சம் அதிகம். அதனால் தண்ணீர் நிறையக் குடிக்கிறேன், அதுவும் நல்லதுதானே?

தெருவில் என்னை இப்போது "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். பாட்டு டீச்சர் வந்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் இஸ்திரிக்காரர். அப்புறம் எனக்குத் துணி சப்ளை செய்கிறவர், அவருடைய மாமியாருக்கு. "எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்கிறார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கென்ன? இத்தனை வருடம் ஊராருடைய ஜன்னல்களை அளந்துகொண்டிருந்தேன். இப்போது உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள்.

நீ பொடியை விடாதே. வேலை முடிந்த பிறகு என்றாலும் தினமும் போடு. உன் வீட்டுக்காரியிடம் கண்ணைக் கசக்க வேண்டாம் என்று சொல். கொடி இருக்கிறது, அக்கா இருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழா, கேக்கும் பிஸ்கட்டும் மலை மலையாகப் போகின்றன.

நல்ல செய்தி. எனக்கும் சுகர் இறங்கியிருக்கிறது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டாக்டரம்மாவே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படி என்று நானே யோசித்தேன். அக்கா, நான் ஒரு நாளைக்கு எவ்வளவு தின்றுகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. கேக்கின் ஓரத்தை வெட்டினால் அது வாய்க்குள், உடைந்த பிஸ்கட் வாய்க்குள், கிண்ணத்தை வழித்தால் அது வாய்க்குள். மதியம் பொடியைப் போட்டால் அதற்குப் பிறகு எல்லாமே மணல். மணலை எவன் தின்பான்? கை தானாக நின்றுவிட்டது. உன் இலை ரத்தத்தில் என்ன செய்கிறதோ தெரியாது, என் கையில் நன்றாக வேலை செய்கிறது.

டாக்டரம்மா, "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டிவிட்டேன். சொன்னால் நாலு பேர் நடுவில் திட்டுவார். எதற்கு வம்பு?

உனக்கு இடுப்பு குறைந்தது சரி. தாகம் எதற்கு? அங்கே வெயில் ஜாஸ்தியா? மாத்திரையை நீயும் ஒழுங்காகப் போடுகிறாய் அல்லவா? அத்தானிடம் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 26

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். உனக்குச் சுகர் இறங்கிய செய்தி கேட்டு மிகவும் சந்தோஷம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

இங்கே வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறது. ஊசியில் நூல் கோர்ப்பது முன்போல இல்லை. வயதாகிறது. புதுக் கண்ணாடி போட்டேன், கடைக்காரன் சரியாகக் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன், ஒரு நாள் தெரிகிறது, ஒரு நாள் தெரியவில்லை. அத்தான்தான் நூல் கோர்த்துத் தருகிறார். காலையில் உட்கார்ந்து ஒரு துணிப் பந்து நிறைய ஊசியும் நூலுமாக வரிசையாகக் குத்தி வைத்துவிடுகிறார். நீ வேலை தேட வேண்டியதில்லை, கிடைத்துவிட்டது.

போன வாரம் பெரிய கத்தரி காலில் விழுந்தது. கீறல்தான். வலியே இல்லை.

ஒரு ஹோட்டலுக்குத் திரை தைக்கிறேன். மாடியில் எல்லா ஜன்னலும் ஒரே அளவு என்று மேனேஜர் சொன்னார், போய் அளந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

மற்றபடி விசேஷம் இல்லை. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது நான் நலம். "இப்போது" என்று ஏன் எழுதுகிறேன் என்பதைச் சொல்கிறேன். பதறாமல் படி.

போன வாரம் ஒரு கம்பெனிக்குப் பெரிய ஆர்டர். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வேலையில் இறங்கிவிட்டேன். க்ரீம் வேலை முந்தின நாளே முடிந்துவிட்டது என்பதால் பொடியையும் மதியம் வரை காத்திருக்காமல் பதினொரு மணிக்கே போட்டேன். அதுவும் நன்றாக வேலை செய்கிறதே என்று இப்போதெல்லாம் ஒரு சிட்டிகைக்கு இரண்டு சிட்டிகை. மதியம் ஆகும் முன்பே அடுப்பெதிரே நின்றவனுக்குக் குப்பென்று வியர்த்தது. கை நடுங்கியது. தட்டு கையை விட்டுப் போய்விட்டது. இவள் கவுன்ட்டரிலிருந்து ஓடிவந்து பார்த்தால், நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்து யாரோ மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

எப்படித்தான் தோன்றியதோ, சர்க்கரையை அள்ளி என் வாயில் போட்டாள். எனக்கு அது மணல். துப்பப் பார்த்தேன். "மண்ணை எதுக்குடி வாயில போடுறே?" என்று உளறினேனாம். அவள் விடவில்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு, "மண்ணுதான், முழுங்குங்க!" என்று கத்தினாள். முழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் எனக்கு அவள் முகமாகத் தெரிந்தது. நாக்குக்குத் தெரியாவிட்டாலும் உடம்புக்கு அது சர்க்கரைதான் அக்கா.

டாக்டரம்மாவிடம் பொட்டலத்தோடு போனோம். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவே இல்லை. இலையை முகர்ந்து பார்த்தார். "இந்த இலை சுகரைக் கொஞ்சம் குறைக்கலாம்னு சில ஆராய்ச்சியில வந்திருக்கு. ஆனா எல்லாமே சின்னச் சின்ன ஆராய்ச்சி. எவ்வளவு சாப்பிடணும், யாருக்கு ஒத்துக்கும்னு இன்னும் யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. எப்பவாவது ஒருத்தருக்கு ஈரலைத் தொந்தரவு பண்ணியிருக்கு. மாத்திரையும் இதுவும் ரெண்டும் சேர்ந்து இழுத்தா சுகர் தரையைத் தொட்டுடும். அதுதான் உங்களுக்கு நடந்தது. இலை சாப்பிட்டதுக்காக நான் கோபப்படல. எங்கிட்ட மறைச்சதுக்குத்தான்" என்றார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

அப்புறம் ஒன்று சொன்னார், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். "உங்களை மாதிரி மாத்திரையோட சேர்த்துச் சாப்பிடுறவங்க ஒரு வகை. இலை இருக்கேன்னு மாத்திரையை நிறுத்திடுறவங்க இன்னொரு வகை. அவங்களை நினைச்சாத்தான் எனக்குப் பயம்" என்றார்.

அக்கா, போன கடிதத்தில் மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. மாத்திரை போடுகிறாயா? ஆமாம், இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. காலில் கத்தரி விழுந்தது என்றாயே, ஆறிவிட்டதா?

உன் எழுத்து கோடு தாண்டி ஏறி இறங்கிப் போகிறது. நீ துணி வெட்டினால் ஒரு நூல் பிசகாது. எனக்கு என்னவோ போல இருக்கிறது.

தம்பி


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் அத்தான்தான் எடுக்கிறார். ஒவ்வொரு தடவையும் நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். இவ்வளவு குளித்தால் சளி பிடிக்கும்.

என்னிடம் கோபமா? கோபம் என்றால் கோபம் என்று எழுது. வெற்றுத் தாளை மடித்து அனுப்பினால் கூடப் போதும்.

தம்பி


ஜூன் 25

அன்பு மச்சானுக்கு,

நான் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்கா பக்கத்து அறையில் தூங்குகிறாள். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படும்படி எதுவும் இல்லை. பயப்படும்படி இருந்தது, இப்போது இல்லை.

உன் மே மாதக் கடிதம் வந்தபோது, "கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன், நீங்களே படிங்க" என்று என்னிடம் கொடுத்தாள். கண்ணாடி அவள் நெற்றிமேலேயே இருந்தது. நான் அப்படியே வாங்கிப் படித்தேன். நீ மயங்கி விழுந்ததைப் படித்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் மாத்திரை போடுகிறாயா என்று நீ கேட்டிருந்த இடம் வந்தது. "அந்த வரியை விட்டுட்டுப் படிங்க" என்றாள். விட்டுவிட்டு அடுத்த வரியைப் படித்தேன். அதுவும் மாத்திரை. "அதையும் விடுங்க" என்றாள். "அப்போ கடுதாசியையே விட்டுடவா?" என்று கேட்டேன்.

எழுந்து போய்த் தேடினேன். மாதா மாதம் மருந்துக் கடையில் நான்தான் வாங்கி வந்து அவள் கையில் கொடுப்பேன். எல்லாம் பட்டன் டப்பாவுக்குள் பிரிக்காமல் கிடந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு டப்பாவை அப்படியே கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். "எதுக்கு இப்படிப் பண்ணினே?" என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"இலையாலதான் குறைஞ்சுதுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேன். மாத்திரையையும் போட்டுக்கிட்டு அப்படிச் சொன்னா பொய்யில்லையா?"

மச்சான், அவள் பொய் சொல்லக் கூடாது என்பதற்காக மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். இதற்கு நான் என்ன சொல்வது? சுகர் குறைந்தது என்று உனக்கு எழுதினாள் அல்லவா, ஒரு தடவை கூட ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. உடம்பு இளைத்ததை வைத்துச் சொல்லியிருக்கிறாள். சுகர் ஏறினாலும் இளைக்குமாம், தாகம் எடுக்குமாம். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுகர் எங்கேயோ போய் நின்றது. கால் காயத்தைப் பார்த்த டாக்டர், "வலிக்கலையா?" என்று கேட்டார். இவள் பெருமையாக, "துளிக்கூட வலிக்கல" என்றாள். "அதுதாம்மா பிரச்சினை" என்றார் அவர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்குமாம். சுத்தம் செய்து கட்டுப்போட்டு, சில நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். நீ போன் செய்த நாட்களில் ஒன்றில் அவள் நிஜமாகவே ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருந்தாள். "குளிக்கிறான்னு சொல்லுங்க" என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

இப்போது காயம் மூடிக்கொண்டு வருகிறது. இன்சுலின் ஊசி நான்தான் போடுகிறேன். முதல் நாள் பயந்துகொண்டே போட்டேன். நிறைந்த பஸ்ஸை மலையில் ஓட்டும்போது கூட நான் அப்படிப் பயந்ததில்லை. கண்ணைப் பற்றியும் பயந்தோம். சுகர் ஏறியதால் கண் மங்கியிருக்கிறது, இறங்கினால் சில வாரத்தில் தெளியும், உள்ளே கெடுதல் ஒன்றும் ஆகவில்லை என்று சோதித்துச் சொன்னார்கள். புதுக் கண்ணாடியை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஒரு கோரிக்கை. அவளாக எழுதும் வரை உனக்கு எதுவும் தெரியாது. உன் முன்னால் மட்டும் அவள் என்றைக்கும் அக்காவாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் அத்தான்


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள். பதில் எழுத நேரமில்லாமல் இருக்கும், பரவாயில்லை. ஹோட்டல் ஜன்னல்கள் உன்னைப் படுத்துகின்றன போலிருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். டாக்டரம்மா என் மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். "இலையை விடுறதும் வெச்சுக்கிறதும் உங்க இஷ்டம். வெச்சுக்கிட்டா எனக்குத் தெரிஞ்சு வெச்சுக்கங்க" என்றார். நான் யோசித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு சிட்டிகை, அதற்குமேல் இல்லை என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொண்டேன். சாப்பிட்டதும் பிஸ்கட் டப்பா பக்கம் கை போகாமல் இருக்கத்தான். காலைச் சாப்பாட்டை இப்போது தவறவிடுவதில்லை. வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கியிருக்கிறோம். இவள் கையில் அது கிடைத்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நான் தும்மினால் கூட, "விரலை நீட்டுங்க" என்கிறாள். ஈரலுக்கும் ஒரு சோதனை எழுதிக் கொடுத்து, பார்த்தாயிற்று. நன்றாக இருக்கிறதாம்.

கடைக்கு ஒரு திரை வேண்டும் அக்கா. தெருப்பக்கக் கண்ணாடி பெரிது, மத்தியான வெயில் நேரே கேக்குகளின்மேல் விழுந்து க்ரீம் உருகுகிறது. இங்கே ஒருவரிடம் கேட்டேன், வந்து அளந்துவிட்டு என்னென்னவோ சொன்னார், எனக்குப் பிடிக்கவில்லை. நீ வந்துதான் அளக்க வேண்டும். அவசரமில்லை. உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது.

இவள் எழுதச் சொன்னாள்: "அண்ணி, மாடி ஏற வேண்டாம், கீழ் அறையைச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன்."

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது, என் கையாலேயே, என் கண்ணாலேயே. சௌக்கியம். இந்தத் தடவை நிஜமான சௌக்கியம்.

உன் போன கடிதத்தை உறையிலிருந்து எடுத்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுகிற நீ, திடீரென்று கடைப் பலகை எழுதுகிற மாதிரி பெரிது பெரிதாக எழுதியிருக்கிறாய். தாள் முழுக்கத் தேடினேன், மாத்திரை என்று நீ என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. காலைப் பற்றிக் கேட்கவில்லை. மாடி ஏற வேண்டாம் என்று மட்டும் அவள் சொல்கிறாள். அத்தானைக் கூப்பிட்டு, "எப்ப எழுதினீங்க?" என்றேன். "எதை?" என்று கேட்டுவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது.

ஆகவே மாத்திரை விஷயத்தை நான் தனியாக எழுத வேண்டியதில்லை. நீ கேட்ட ஒரு வார்த்தைப் பதில்: போடுகிறேன். கால் மூடிவிட்டது. ஊசியையும் நிறுத்திவிட்டார்கள், மாத்திரையே போதுமாம். இலையைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். "இப்போதைக்கு வேண்டாம்மா, முதல்ல சுகர் ஒரு இடத்துல நிக்கட்டும்" என்றார். சரி என்றேன்.

ஆனால் அது முடிந்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடம் பொட்டலம் வாங்கினவர்கள் இருக்கிறார்களே! கட்டு பிரித்ததும் முதல் வேலையாக அவர்கள் வீடுகளுக்குப் போனேன். அத்தான் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கெடுக்கும்போது தனியாகத்தானே கெடுத்தேன்.

பாட்டு டீச்சர் வீட்டுக்கு முதலில். அவர் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. "இலை மட்டும் போதும்னு நான் சொன்னது தப்பு. நான் மாத்திரையை நிறுத்திட்டுக் காலைக் கிட்டத்தட்டத் தொலைச்சேன். நீங்க நிறுத்தியிருந்தா இன்னைக்கே போய் டாக்டரைப் பாருங்க. நிறுத்தலைன்னாலும் இதைச் சாப்பிடுறதா அவர்கிட்ட சொல்லுங்க" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர், "நான் அதைத் திறக்கவே இல்லம்மா. கசக்கும்னு சொன்னாங்க" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இஸ்திரிக்காரர் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடிக்கடி மத்தியானத்தில் தலை சுற்றுகிறது என்று வேலை செய்யும்போதே உட்கார்ந்துவிடுகிறாராம், வெயில் என்று நினைத்திருக்கிறார். உன் கதையைச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை அப்படியே அணைத்துவிட்டு என்னோடு கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். துணி சப்ளை செய்கிறவரின் மாமியார்தான் நிறுத்தியிருந்தார். அந்த அம்மாள் என்னைத் திட்டின திட்டு இருக்கிறதே, நான் வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி? நீயே கூட்டிட்டுப் போ" என்றார். அவரும் இப்போது நன்றாக இருக்கிறார். வாரம் ஒரு தடவை போன் செய்து என் சுகர் எவ்வளவு என்று கேட்கிறார். அவருடையதை விட என்னுடையது குறைந்திருந்தால் அவருக்குப் பிடிப்பதில்லை.

தெருவில் இன்னமும் "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொடியைப் பிடுங்கிவிடவா என்று அத்தான் கேட்டார். அது என்ன பாவம் செய்தது? இருக்கட்டும். பச்சையாக நன்றாகத்தான் இருக்கிறது.

உன் கடைக்குத் திரை தைக்க அங்கே வந்த ஆளைப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. இருந்தாலும் வருகிறேன். அடுத்த சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நானும் அத்தானும். உன் வீட்டுக்காரியிடம் சொல், கீழ் அறை எனக்கு வேண்டாம், அதில் அத்தான் படுத்துக்கொள்ளட்டும், அவருக்குத்தான் முழங்கால் வலி. நான் மாடி ஏறுவேன்.

ஸ்டேஷனில் கூட்டமாக இருக்கும். நீ ஒவ்வொரு பெட்டியாக எங்களைத் தேடி ஓட வேண்டாம். ஒரு இடத்தில் நின்றுகொண்டிரு. நான் உன்னைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவேன்.

உன் அக்கா